கை வலிக்கிறது என்றால் காது கொடுங்கள்

பல் மருத்துவர்களுக்கும், முக்கியமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டென்டல் ஹைஜினிஸ்ட்களுக்கும் என் வணக்கம். இன்று நான் பேச வந்தது அந்தப் பின்வரிசைக்காகத்தான்.

1948-ல் வந்த பல் மருத்துவர்கள் சட்டமே உங்கள் தொழிலைத் தனியாக அங்கீகரித்துவிட்டது. பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்பவர், மெருகேற்றுபவர், வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவர் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 75 வருடம் தாண்டிய பிறகும் சில கிளினிக்குகளில் "உதவிக்கு இருக்கிற பொண்ணு" என்றுதான் அறிமுகம் நடக்கிறது. மனச்சோர்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் உடம்பு. கழுத்தைச் சாய்த்து, தோளைத் தூக்கி, மெல்லிய கருவியை விரல் நுனியில் இறுக்கிப் பிடித்துக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் படிந்த பற்காரையை எடுக்கிறீர்கள். பற்காரையை அதிர்வால் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் அதிர்வும் இரைச்சலும் வேறு. க்யூரெட் என்ற சுரண்டும் கருவி மழுங்கியிருந்தால் இன்னும் அழுத்த வேண்டும்; நாளடைவில் மணிக்கட்டு நரம்பு நெரிந்து ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது. தீட்ட 10 நிமிடம் கேட்டால், "அடுத்த பேஷன்ட் காத்திருக்கிறார்" என்கிறார்கள். சேரில் இருப்பவரோ பயத்தில் வாயைத் திறக்கவே மறுக்கிறார். அவரையும் தேற்ற வேண்டும், நேரத்துக்கும் முடிக்க வேண்டும்.

வேலையால் முழுதாகச் சோர்ந்துபோகும் பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்றது. அப்படியானால் சரிசெய்ய வேண்டியது வேலையை. ஹைஜினிஸ்ட்டை யோகா வகுப்புக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் அதே மூச்சுவிட நேரமில்லாத அப்பாயின்ட்மென்ட்களில் உட்காரவைத்தால் என்ன பயன்?

இந்த வேலையில் நிறைவு இல்லாமல் இல்லை. தொட்டாலே ரத்தம் கசிந்த ஈறு சில வாரங்களில் இறுகி இளஞ்சிவப்பாவதைப் பார்க்கிற சந்தோஷம் உங்களுடையது. ஆனால் அதைப் பார்க்க அதே நோயாளி மறுபடி உங்களிடமே வர வேண்டும். பிரிட்டனில் 2013 மே மாதத்திலிருந்து, பல் மருத்துவரின் பரிந்துரை இல்லாமலே ஹைஜினிஸ்ட்டை நேரடியாகப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். "இவர் என் நோயாளி" என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கு இடம் கிடைக்கிறதே, அது பெரிய விஷயம்.

டாக்டர்களே, இங்கேயும் அப்படிச் சட்டம் மாறும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஈறு சிகிச்சைக்கு வந்தவர் மறுபடி எப்போது வர வேண்டும் என்பதில் ஹைஜினிஸ்ட்டின் கருத்தைக் கேளுங்கள். அவர் உட்காரும் ஸ்டூலின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்று நாளைக் காலையிலேயே பாருங்கள். க்யூரெட் தீட்டும் நேரத்தையும் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.