ஆளைப் பார்த்து அடி!

நண்பர்களே, பேஸ்பாலை 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1907இல் ஒரு குழு வழங்கிய தீர்ப்பு அது. 1839இல் அந்த மனிதர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்! அதற்கு வெகு முன்பே, 1791இல், மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் ஊர்க்கூடத்து ஜன்னல்களைக் காப்பாற்ற, 80 கெஜத்துக்குள் பேஸ்பால் ஆடக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். கண்ணாடி உடையாமலா சட்டம் வந்திருக்கும்?

அந்த மாநிலத்து ஆட்டத்தைத்தான் இன்று சொல்ல வந்தேன். 1858இல் டெடம் என்ற ஊரில் கிளப்புகள் கூடி விதிகளை எழுதிவைத்தன. பந்தை அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடம்தான் பேஸ்; இங்கே அது தரையில் நட்ட நாலடி உயர மரக்கம்பு. ஒரு பக்கத்துக்கு 10 முதல் 14 பேர். ஒருவர் அவுட்டானால் அணியே அவுட். பந்து எந்தப் பக்கம் போனாலும் செல்லும்; பின்னால் தட்டிவிட்டும் ஓடலாம், கிரிக்கெட் மாதிரி. முதலில் 100 ஓட்டம் எடுத்தவர்களுக்கு வெற்றி. சில பந்தயங்கள் நாள்கணக்கில் இழுத்தன.

அப்புறம் முக்கியமான விதி. ஓடுகிறவர் இரண்டு கம்புகளுக்கு நடுவே இருக்கும்போது பந்தை அவர் மேலேயே எறியலாம். பட்டால் அவுட். முதுகு சிவக்கும், ஆனால் எலும்பு உடையாது. பந்தின் எடை இரண்டே முக்கால் அவுன்ஸைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. இன்றைய பந்து ஐந்து அவுன்ஸுக்கு மேல்.

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் 1845இல் எழுதிய விதிகளில் ஆள்மேல் எறிவது கூடவே கூடாது. இதை வெறும் நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளை அடிக்க வேண்டாம் என்றானதும் பந்து கனமாகலாம், கெட்டியாகலாம். கெட்டிப் பந்து தூரம் போகும். தூரம் போனால் பேஸ்களையும் தள்ளி வைக்கலாம். மாசசூசெட்ஸில் பேஸுக்குப் பேஸ் 60 அடி. நியூயார்க்கில் 1857இல் 90 அடி என்று முடிவானது. பேஸில் நின்று பந்தைப் பிடித்து ஆளை வெளியேற்றும் சாமர்த்தியத்துக்கும் அப்போதுதான் மதிப்பு வந்தது. இன்று நாம் பார்க்கும் ஆட்டத்துக்கு வேர் இந்த ஒரு தடைதான் என்பேன்.

பாஸ்டனின் ட்ரை-மவுண்டன் கிளப் அப்போதே நியூயார்க் பக்கம் சாய்ந்துவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு மாசசூசெட்ஸ் ஆட்டம் மெல்ல மறைந்தது.

ஆனால் தோற்றவர்கள் இரண்டு விஷயங்களில் முந்திக்கொண்டவர்கள். நியூயார்க்கில் பந்து ஒருமுறை தரையில் குதித்தபின் பிடித்தாலும் அவுட். மாசசூசெட்ஸில் அந்தச் சலுகை கிடையாது, அந்தரத்திலேயே பிடிக்க வேண்டும். நியூயார்க் ஆட்டக்காரர்கள் இதை 1864 டிசம்பரில்தான் ஏற்றார்கள். பந்துவீசுபவர் கையை மேலே தூக்கி எறிவதும் மாசசூசெட்ஸ் வழக்கமே. பெரிய தொழில்முறைப் போட்டித் தொடரான நேஷனல் லீக்கில் அதற்கு 1884இல்தான் அனுமதி கிடைத்தது.