போவிஸ் கோட்டைக்குத் தோட்டம் பார்க்கப் போனேன், திப்பு கூடாரத்துல மாட்டிக்கிட்டேன்

வணக்கம் மக்களே! இருங்க, மூச்சு வாங்குது. வெல்ஷ்பூல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வந்துட்டேன். மேப்புல கிட்டக்கத்தான்னு காட்டுச்சு, மேடுன்னு காட்டல.

பின்னாடி செக்கச்செவேல்னு நிக்குதுல்ல, அதான் போவிஸ் கோட்டை. வேல்ஸ்ல இருக்கோம். 13-ஆம் நூற்றாண்டுல வேல்ஸ் இளவரசர் ஒருத்தர் கட்டுனது, 1587-ல ஹெர்பர்ட் குடும்பம் வாங்குனாங்க, 1952-ல இருந்து நேஷனல் ட்ரஸ்ட்னு பழைய இடங்களைப் பாதுகாக்குற அமைப்போட கையில. போதும், தோட்டத்துக்குப் போவோம்.

ஊட்டி கேத்தி பக்கம் சரிவை படிப்படியா வெட்டி உருளைக்கிழங்கு போட்டிருப்பாங்கல்ல? அதே வேலைதான். என்ன, இங்க மண்ணுக்குப் பதிலா பாறை, கிழங்குக்குப் பதிலா பூவும் ஈயச் சிலையும். 17-ஆம் நூற்றாண்டு கடைசியில ஆரம்பிச்ச வேலை. கைப்பிடிச் சுவர் மேல ஆடு மேய்க்கிற பையன், பொண்ணுன்னு சிலையா ஆடிட்டு நிக்குறாங்க பாருங்க.

ஆனா நான் வந்தது இதுக்கு. மேல பாருங்க! மாவு பொங்கி பாத்திரத்துக்கு வெளிய வழிஞ்ச மாதிரி இருக்குல்ல? அத்தனையும் யூ மரம், ஒரு வகை ஊசியிலை மரம். சுமார் 300 வருஷத்துக்கு முன்னாடி சின்னச் சின்ன கூம்பா வச்சது. நடுவுல இஷ்டத்துக்கு வளர விட்டாங்க, அப்புறம் திரும்ப வெட்ட ஆரம்பிச்சு இப்படி யானை முதுகு மாதிரி ஆயிடுச்சு. இந்த மரத்தாலயே ஆன ஒரு வேலி 14 மீட்டர் உயரம், நாலு மாடி வீடு! தூக்கு மெஷின்ல ஆள் ஏறி நின்னுதான் கத்தரிக்கணும், அதுவும் வாரக்கணக்கா.

சரி, வீட்டுக்குள்ள போயிட்டு வந்துட்டேன். உள்ள எடுத்தது இருட்டா இருக்கு, பழைய துணி வெளுத்துடக் கூடாதுன்னு வெளிச்சத்தக் கம்மி பண்ணி வச்சிருக்காங்க. அதனால வாயாலயே சொல்றேன்.

ராபர்ட் கிளைவ், நம்ம சென்னைக் கோட்டைக்குள்ள புனித மேரி சர்ச்சுல கல்யாணம் பண்ணாரே, அவர் மூத்த பையன் எட்வர்ட். 1784-ல இந்த வீட்டுப் பொண்ணு ஹென்ரியட்டாவக் கட்டிக்கிட்டார். மாப்பிள்ளை வீட்டுல இந்தியாவுல சேத்த காசு, பொண்ணு வீட்டுல பரம்பரைப் பேரும் கடனும். வேற என்ன வேணும்? 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுது, திப்பு சாகுறார். அப்ப மெட்ராஸ் கவர்னர் யாரு? இதே எட்வர்ட்.

திப்பு சிம்மாசனத்துல இருந்த தங்கப் புலித்தலை ஒண்ணு கல்லு பதிச்சு உள்ள இருக்கு. சின்னதுதான். என்னை நிறுத்துனது அது இல்ல, அவரோட கூடாரம். சீட்டித் துணி, வெள்ளையில வளைவு வளைவா போட்டு, ஒவ்வொரு வளைவுக்குள்ளயும் ஜாடி நிறையப் பூ. நாலு பக்கமும் தோட்டம்! போர்க்களத்துக்குப் போறப்பவும் சுருட்டி எடுத்துட்டுப் போற தோட்டம். அதை இந்த வீட்டுக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? தோட்டத்துல பார்ட்டி வச்சா ஷாமியானா மாதிரி விரிச்சிருக்காங்க. கல்யாணப் பந்தல் ரேஞ்சுக்கு!

ஹென்ரியட்டா மேல மட்டும் முழுசா கோவம் வரல எனக்கு. 1800-ல ரெண்டு பொண்ணுங்களக் கூட்டிட்டு மெட்ராஸ்ல கிளம்பி மைசூர், தஞ்சாவூர்னு 1000 மைலுக்கு மேல சுத்தியிருக்காங்க, வழியெல்லாம் செடியும் கல்லும் பொறுக்கிக்கிட்டு. கிளைவியான்னு ஆரஞ்சு கலர்ல பூக்குற தொட்டிச்செடி பாத்திருப்பீங்க. அந்தப் பேரு இவங்க பொண்ணோடது. செடி என்னவோ தென்னாப்பிரிக்காச் செடி, பேரு மட்டும் இந்த வீட்டோடது.

கீழ இறங்கிட்டேன். இந்தப் புல்வெளி தட்டையா இருக்கு, கூடாரம் நிக்கத் தோதான இடம். இங்கதான் போட்டாங்களான்னு கேட்டா சத்தியம் பண்ண மாட்டேன். நான் போர்வைய விரிச்சாச்சு, புளியோதரை டப்பாவும் திறந்தாச்சு. ட்ரெயினுக்கு நேரம் இருக்கு, சாப்பிட்டுட்டு வரேன்.