உள்ளங்கையில் எழுதிய ஊர்ப்பெயர்

(ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டபோது, எந்த ஊரைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்விட்டன. கடைசியில் மனதில் நின்றது ஒரு பையனுடைய உள்ளங்கை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் இரவு ரயில். விடியற்காலை நான்கு மணிக்கு நான் இறங்க வேண்டும். அந்த நிலையத்தில் ரயில் இரண்டே நிமிஷம்தான் நிற்கும். செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அலாரத்துக்கும் வழியில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "நாலு மணிக்கு இறங்கணும் ஐயா, தூங்காம உட்கார்ந்திருக்கப் போறேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். சொன்னேனே தவிர, மூன்று நாள் அலைச்சல் உடம்பில் இருந்தது. எப்போது கண் அசந்தது என்றே தெரியவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். "சார், உங்க ஸ்டேஷன் வரப்போகுது, எழுந்திருங்க." கண் விழித்துப் பார்த்தால் எதிர் இருக்கை காலி. எழுப்பியது மேல் பர்த்தில் படுத்திருந்த ஒரு பையன். பெரியவர் எங்கே என்று கேட்டேன். அவர் இரண்டு மணிக்கே இறங்கிவிட்டாராம். இறங்குவதற்கு முன்னால் இந்தப் பையனை எழுப்பி, தூங்கிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இவரை நாலு மணிக்கு எழுப்பி விட்டுடு தம்பி" என்று சொல்லியிருக்கிறார். பெயர் மறந்துவிடக் கூடாதே என்று அவன் நான் இறங்க வேண்டிய ஊரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான். பெட்டியை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டியபோதுதான் அதைப் பார்த்தேன். நீல மை. வியர்வையில் ஓரங்கள் கலங்கியிருந்தன. கடைசி எழுத்து சுண்டுவிரல் அடிவரை போயிருந்தது.

நன்றி என்று நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அந்தப் பெரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. பையன் பெயரும் தெரியாது. என் பெயரை அவர்களும் கேட்கவில்லை. இனி ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். தெரிந்தும் ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தன்னால் முடிக்க முடியாதபோது அதை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். இன்னொருவன் அதற்காகப் பாதித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டான்.

இன்று நான் சொல்ல வந்தது இந்தப் பெயர் தெரியாத நிலையைப் பற்றித்தான். வீட்டில் இருக்கிறவரை நாம் யாருக்கோ பிள்ளை, யாருக்கோ பெற்றோர், ஏதோ ஒரு வேலையில் இருப்பவர். தெருவில் நடந்தால் நாலு பேருக்குத் தெரியும். நாளைக்கும் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். நம் நல்ல நடத்தையில் ஒரு பகுதி அந்த நாளைக்காகத்தான். ஊரை விட்டுக் கிளம்பிச் சில மணி நேரத்தில் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. அப்போது மிச்சம் இருப்பது எதுவோ அதைத்தான் நான் குணம் என்று நினைக்கிறேன்.

இதை எனக்கு எதிராகவே ஒரு முறை தெரிந்துகொண்டேன். ஒரு பயணத்தில் வண்டி பல மணி நேரம் தாமதம். கவுன்ட்டரில் இருந்த ஒரு பெண்ணிடம் குரலை உயர்த்திப் பேசினேன். தாமதத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, தெரிந்த அளவுக்குச் சொன்னார். அவர் கை நடுங்கியதை நான் கவனித்தேன். கவனித்தும் மன்னிப்புக் கேட்காமல் நகர்ந்துவிட்டேன். அன்றிரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அலுவலகத்தில் யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பேனா? மாட்டேன். ஏன்? அங்கே மறுநாள் இருக்கிறது. இந்த அம்மாவை மறுபடி பார்க்கப் போவதில்லை என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்குதான் என்னைப் பயமுறுத்தியது. மன்னிப்புக் கேட்க அவரை இனி எங்கே போய்த் தேடுவேன்? அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. அன்று முதல், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் முதலில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறேன்.

சரி, மனிதர்கள் பொதுவாக எப்படி? ஆள் தெரியாத இடத்தில் நம்மில் பெரும்பாலோர் கெட்டவர்களாகத்தான் ஆகிவிடுகிறோமா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வு. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் அதிகமான பர்ஸ்கள். ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி, அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போய், "இது தெருவில் கிடந்தது, யாரோ தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பர்ஸ் வெளியிலிருந்தே உள்ளே தெரிகிற மாதிரியானது. உள்ளே உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி அச்சிட்ட அட்டை, ஒரு சாமான் பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. வாங்கிக்கொண்டவர் உரிமையாளரைத் தொடர்புகொள்கிறாரா என்று பார்ப்பதுதான் சோதனை.

பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். பொருளாதார நிபுணர்களின் கணிப்பும் சரியாக இல்லை. நடந்தது தலைகீழ். பணமில்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் பேர் தகவல் அனுப்பினார்கள். பணம் உள்ள பர்ஸுக்கு 51 சதவீதம் பேர். மூன்று நாடுகளில் தொகையை நன்றாகக் கூட்டி வைத்துப் பார்த்தபோது அது 72 சதவீதமாக உயர்ந்தது. தொகை ஏற ஏற, வைத்துக்கொள்வது திருட்டு என்ற உறுத்தலும் ஏறுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

எனக்கு அதில் பணத்தைவிடச் சாவிதான் முக்கியமாகப் பட்டது. சாவி இல்லாத பர்ஸையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாவி இருந்தபோது தகவல் சொன்னவர்கள் இன்னும் அதிகம். எடுத்தவருக்கு அந்தச் சாவியால் காலணா பிரயோஜனம் கிடையாது. தொலைத்தவருக்கு அது வீடு. யாரோ ஒருவர் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிற காட்சி, முன்பின் பார்த்திராத ஓர் ஆளின் மனதில் வந்துபோகிறது. நல்லவராக நடப்பதற்கு அந்த ஒரு காட்சி போதுமானதாக இருக்கிறது. என்னைப் பெரியவர் எழுப்பச் சொல்லிவிட்டுப் போனதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எங்கோ தெரியாத நிலையத்தில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்ப் பெட்டியோடு முழிக்கிற ஓர் ஆளை அவர் மனதுக்குள் பார்த்திருக்கிறார்.

அந்நியர்களோடு பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. சிகாகோவில் தினமும் ரயிலில் போய்வருகிறவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள், 2014இல் வெளியானது. சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போலப் போகச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால், எது இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, தனிமைதான் என்றே மக்கள் சொல்லியிருந்தார்கள். எது நமக்குச் சந்தோஷம் தரும் என்பதில் நாம் இவ்வளவு தப்பாக இருக்கிறோம். பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது, அது வேறு விஷயம். ஒரு புன்னகைக்கு என்ன பதில் வருகிறது என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

அப்புறம், ஜன்னல்.

பெயர் இல்லாதவருக்கும் கிடைக்கிற சந்தோஷங்கள் என்று சில இருக்கின்றன. அவற்றில் எனக்கு முதல் இடம் ஜன்னலோர இருக்கைக்கு. எத்தனை வயதானாலும் அது அலுக்கவில்லை. அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் கண்ணில் நிற்காமல் ஓடுகின்றன. கொஞ்சம் தள்ளி இருக்கிற மரங்கள் நடக்கின்றன. அடிவானத்தில் இருக்கிற மலை, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல மெல்லத் திரும்புகிறது. நிலா மட்டும் கூடவே வருகிறது. எல்லாக் குழந்தைகளும் ஒரு வயதில் கேட்கிற கேள்வி அது: நிலா ஏன் நம்மகூடவே வருது? நிலா சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ராத்திரி முழுக்க நாம் 500 கிலோமீட்டர் போனாலும் அந்தத் தூரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நாம் பார்க்கும் திசை மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் அது கூட வருவதாகத் தோன்றுகிறது. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அது கூடத்தான் வருகிறது.

இதைப் படம் பிடிக்க முடியாது. முயன்றிருக்கிறேன், ஒரு மங்கலான புள்ளிதான் கிடைத்தது. படம் எடுக்கிற பழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் அம்மாவின் சிரிப்பு எனக்கு இன்று படத்தில்தான் இருக்கிறது. ஆனால் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் அறிஞர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அருங்காட்சியகத்தில் சில பொருள்களை வெறுமனே பார்க்கச் சொன்னார்; சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி எனக்கு அதைவிடப் பிடித்தது. பொருளின் ஏதாவது ஒரு பகுதியைக் கிட்டத்தில் இழுத்துப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. அவர்கள் எடுக்காத மற்ற பகுதிகள்கூட மறக்கவில்லை. எந்தப் பகுதியை எடுக்கலாம் என்று ஒரு நொடி நின்று யோசித்தார்கள் அல்லவா, அந்த ஒரு நொடிதான் விஷயம். அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புது இடத்தில் முழுக் கோபுரத்தையும் முழுக் கடலையும் விட்டுவிடுவேன். தேய்ந்த ஒரு படிக்கட்டின் நடுவில் விழுந்திருக்கிற பள்ளம், படகுக் கயிற்றின் முடிச்சு, இப்படி ஏதாவது ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்பேன். அந்தப் பள்ளத்தை எத்தனை பாதங்கள் சேர்ந்து செய்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நிற்பேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் கால் வைப்பது, நீண்ட நடைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பது, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூக்கம் வருவதில்லை, இல்லையா? மெத்தை சரியில்லை, சத்தம் என்று ஏதாவது காரணம் சொல்வோம். 2016இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி வலப்பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்குவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் அது முழித்துக்கொள்கிறது. ஒரு பாதி தூங்க, மறுபாதி காவல் இருக்கிறது. டால்பின்கள் இப்படித்தான் தூங்குகின்றன என்பது முன்பே தெரியும். நமக்குள்ளும் அதன் சாயல் இருக்கிறது. அதே இடத்தில் இரண்டாம் முறை தூங்கும்போது இந்த வித்தியாசம் போய்விடுகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு அந்த இரவு ரயில் ஞாபகம் வந்தது. ஓடுகிற ரயிலில், தெரியாதவர்களுக்கு நடுவில், என் மூளை இரண்டு பாதியும் சேர்ந்து தூங்கிவிட்டது போலிருக்கிறது. காவலை இரண்டு மணி வரை ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு பையன்.

திரும்பி வருகிற பயணம் போன பயணத்தைவிடச் சின்னதாகத் தெரியும். அதையும் அளந்திருக்கிறார்கள்: 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தூரமும் நேரமும் ஒன்றாக இருந்தும் திரும்பும் பயணம் சராசரியாக 22 சதவீதம் குறைவாகத் தோன்றியது. வழி பழகிவிட்டதால் என்றுதான் நினைப்போம். ஆனால் அதே அளவு தூரமுள்ள வேறொரு வழியில் திரும்பியவர்களுக்கும் அப்படியே இருந்தது. போகும்போது சீக்கிரம் போய்விடுவோம் என்று நினைத்து ஏமாறுகிறோம். திரும்பும்போது எதிர்பார்ப்பை நீட்டி வைத்துக்கொள்கிறோம், அதனால் சீக்கிரம் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இதுதான் அவர்கள் தருகிற விளக்கம்.

வீடு வந்து சேர்கிறோம். பையின் அடியில் கை விட்டுத் துழாவிச் சாவியை எடுக்கிறோம். கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். அது நம் வீட்டின் வாசனை. தினமும் உள்ளேயே இருப்பதால் மூக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. விருந்தாளிகளுக்கு மட்டும்தான் தெரியும். போய்விட்டு வருகிற நமக்கு அன்று ஒரு சில நிமிஷம் அது தெரிகிறது. நான் அந்தச் சில நிமிஷம் விளக்குப் போடாமல் வாசலிலேயே நிற்பேன். பிறகு பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பழகின தலையணையில் தலை வைப்பேன். காவல் இருந்த அந்தப் பாதியும் தூங்கிவிடும்.

நன்றி, வணக்கம்.