ஒயின் ருசிக்கக் கற்றுக்கொடுத்த கருவாட்டு வியாபாரி

[காட்சி: அழகன்குளம். காலை வெயில். பின்னால் பனைமரங்கள்.]

ராமநாதபுரம் கடற்கரையில் முதன்முதலாக ஒயின் குடித்தது யாராக இருக்கும்? டாஸ்மாக் வந்த பிறகுதான் யாராவது குடித்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் சுமார் 2000 வருஷம்.

நான் நிற்கும் இந்த அழகன்குளம் வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 வாக்கில் ஆரம்பித்து இங்கே பல முறை தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசு கிடைத்தது, கப்பல் படம் கீறிய பானை ஓடு கிடைத்தது, கூடவே ஆம்போரா சாடியின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. இரண்டு பக்கமும் காது, அடியில் கூம்பு, அதுதான் ஆம்போரா. மத்தியதரைக் கடல் ஊர்க்காரர்கள் ஒயின், எண்ணெய், மீன் சாறு எல்லாவற்றையும் அதில்தான் ஊற்றி அனுப்புவார்கள். மீன் சாறு வந்த சாடிகூட அரிக்கமேட்டில் கிடைத்திருக்கிறது. கடற்கரைக்காரனுக்கே மீன் சாறு! கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் இவன்தான்.

இப்போது புறநானூறு 56. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார். யவனர் என்றால் கிரேக்க, ரோமானியர்கள், தேறல் என்றால் தெளிந்த மது. நன்கலம் என்றால் நல்ல குப்பி என்பது பழைய உரை. நல்ல கப்பல் என்றும் சொல்லலாம். அதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு முக்கியம் "தண்கமழ்". தண் என்றால் குளிர்ச்சி, கமழ் என்றால் வாசனை. ஒயினை எப்படி ருசிப்பது என்று இணையத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். நம் ஆள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார். இந்த வீடியோ அந்தச் சொல்லுக்கு ஒரு நீண்ட உரை, அவ்வளவுதான்.

மது உடலுக்குக் கேடு. 21 வயது ஆகாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் பதநீர் வீடியோ வருகிறது. ஒயினின் வரலாறு: ஜார்ஜியா நாட்டில் 8000 வருஷத்துக்கு முன்பே பானையில் திராட்சையைப் புளிக்க வைத்திருக்கிறார்கள். வரலாறு முடிந்தது, சங்கத்துக்குப் போகலாம்.

[காட்சி: மொட்டை மாடி. எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். தூரத்தில் பாம்பன் பாலம்.]

மண்டபம் பக்கம் ஒரு வீட்டு மாடி. மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், எட்டுப் பேர், செலவு பங்கு. இதற்குப் பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது, நாங்களாகச் "சங்கம்" என்று சொல்லிக்கொள்கிறோம். ஆரம்பித்தவர் 20 வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்த அண்ணன். ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் 400 போய்விடும். மீதி 350 யாருக்கு என்பதில்தான் சங்கத்தின் அரசியல் முழுவதும் இருக்கிறது.

முதல் நாள் நான் கிளாசை வாங்கினேன், அண்ணாந்தேன், ஒரே மடக்கில் முடித்தேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, கசாயத்தைத்தான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிக்கணும். இதை மூக்கைத் திறந்துக்கிட்டு குடிக்கணும்."

அவர் சொன்னதில் முழு அறிவியலும் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒயின்கூட வேண்டாம். ஒரு துண்டு கருப்பட்டி எடுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். வெறும் இனிப்பு, சீனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். பனை, அடுப்புப் புகை எல்லாம் ஒன்றாக ஓடி வரும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வாயிலிருந்து தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். கிளாசைச் சுழற்றுவதும் அந்த வாசனையைக் கிளப்பி விடத்தான், பந்தாவுக்கு இல்லை. நான் முதலில் சுழற்றியபோது கிளம்பியது வாசனை இல்லை, ஒயின். பக்கத்திலிருந்த டீச்சர் அக்காவின் சேலையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அக்கா அதைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார், வேண்டுமென்றே.

அடுத்த சிக்கல், வாசனைக்குப் பெயர் வைப்பது. அமெரிக்காவில் ஆன் நோபிள் என்ற பேராசிரியை 1980களில் ஒயின் வாசனைகளை ஒரு சக்கரமாக வரைந்தார். உலகம் முழுக்க அதைத்தான் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அண்ணன் அதை அச்செடுத்துக் கொடுத்தார். பிளாக்கரண்ட், ராஸ்பெரி என்று சீமைப் பழங்கள் வரிசையாக இருந்தன. எங்கள் சங்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மாமா ஒருவர் உண்டு. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச கரண்ட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் அடிக்கடி போயிடுது" என்றார்.

அன்றைக்கே அந்தச் சக்கரத்தை ஓரம் வைத்துவிட்டோம். இப்போது எங்கள் நோட்டில் இருப்பது வேறு: நாவல்பழம், கொய்யாக்காய், கிராம்பு, கோடை மழை விழுந்த கண்மாய் மண். இது சும்மா விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் கொய்யா வாசனை நிஜமாகவே வரும். ஷிராஸ் என்ற சிவப்பில் குறுமிளகு வாசனை வரும். ரோட்டண்டோன் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் ரசத்தில் போடும் மிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம்! ஒயினில் ரசப்பொடி வாசம் வருகிறது என்று சொன்ன என்னைச் சிரித்தவர்கள் எல்லாரும் இந்த வீடியோவைப் பார்க்க வேண்டும்.

கண்ணை நம்பாதீர்கள். 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேருக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒயின் படிப்பு மாணவர்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் கூச்சப்படாமல் பேசுங்கள், படித்தவனும் இப்படித்தான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். துவர்ப்பு.

சிவப்பு ஒயின் குடித்தால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்த மாதிரி வறண்டு போகும். வெள்ளைக்காரர்கள் இதை விளக்கப் படும் பாடு இருக்கிறதே! ஈரமான ஒரு பானத்தைக் குடித்துவிட்டு "உலர்ந்திருக்கிறது" என்பார்கள், "பிடிக்கிறது" என்பார்கள், வெல்வெட், பட்டு என்று ஜவுளிக்கடை வரைக்கும் போவார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அறுசுவையில் ஒன்றாக எப்போதோ பெயர் வைத்து உட்கார வைத்தாயிற்று. நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு, கடுக்காய். நுங்கைத் தோலோடு கடித்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

காரணம் டானின் என்ற பொருள். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்க வைப்பார்கள், அதனால் துவர்க்கும். வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துக்கொள்வார்கள், அதனால் அந்தத் துவர்ப்பு பெரும்பாலும் இருக்காது. உங்கள் எச்சிலில் வழவழப்புக் கொடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. டானின் போய் அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பு போய்விடும், நாக்கு சொரசொரக்கும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதே வேலைதான், தோலின் புரதத்தைப் பட்டையின் டானின் பிடிக்கிறது. நைலான் வருவதற்கு முன், பருத்தி வலை மட்காமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்தார்கள். அங்கேயும் டானின்தான். ஆக, ஒவ்வொரு மடக்கிலும் உங்கள் நாக்கைக் கொஞ்சம் பதனிட்டுக்கொள்கிறீர்கள். கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

வீட்டில் பயிற்சி செய்ய வேண்டுமா? டீத்தூளைப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, பால் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். அப்புறம் அதிலேயே பால் ஊற்றிக் குடியுங்கள். துவர்ப்பு அடங்கிவிடும், ஏனென்றால் டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது, உங்கள் எச்சிலை விட்டுவிட்டது. சிவப்பு ஒயினோடு ஆட்டுக்கறி நன்றாக இருப்பதற்கும் இதே கணக்குத்தான். மீனோடு அது வேலைக்காகாது. ஒரு நாள் மாமா மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு சிவப்பைக் குடித்தார். முகம் மாறிவிட்டது. "நல்ல மாசி மாப்ளே, இது எப்படி நாறுச்சு?" மாசியில் குற்றமில்லை. ஒயினில் இருக்கும் இரும்புச் சத்துதான் அந்த மீன் நாற்றத்தைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பான் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதனால் மீனுக்கு வெள்ளை. வறுத்த மீனில் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை ஒயினின் புளிப்பு பார்த்துக்கொள்ளும். நம் முண்டு மிளகாய் போட்ட குழம்போடு எந்த ஒயினும் வேண்டாம், எரிச்சல் இரட்டிப்பாகும். இது என் சொந்தக் கருத்து. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கமெண்டில் சண்டைக்கு வாருங்கள்.

"தண்" பாக்கி இருக்கிறது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது ஐயா, 16, 17 டிகிரி. மே மாதம் நம்ம ஊர் அறையில் வைத்த ஒயின் இருமல் மருந்துதான். சிவப்பை அரை மணி நேரம், வெள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரிட்ஜில் வையுங்கள். முடிந்தது.

[காட்சி: மேசை நடுவே ஒரு பித்தளைப் படிக்கம்.]

இது டீச்சர் அக்கா வீட்டுப் படிக்கம், அவருடைய ஆச்சி வெற்றிலை துப்பியது. நான்கு வகை ருசிக்கிற நாளில் எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் துப்புவதற்கு.

போன மாதம் துபாயிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பிரெஞ்சு பாட்டில் ஒன்று கொண்டு வந்தார். நிஜக் கார்க், நிஜ விலை. ஊற்றினோம், சுழற்றினோம், "ஆகா, பழைய மரம்" என்றேன் நான். டீச்சர் அக்கா கண்ணை மூடித் தலையாட்டினார். மாமா மட்டும் குடிக்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கருவாட்டை முள் பக்கமாக மோந்து பார்த்து, காயும்போது மழை தூறியதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதே மாதிரி கிளாசை மூக்கிடம் கொண்டு போனார், எடுத்தார், மறுபடி கொண்டு போனார்.

"நனைஞ்ச சாக்கு" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்காமல் கார்க்கை எடுத்து மோந்து பார்த்தார், அப்புறம் கிளாசை. மாமா சொன்னதுதான் சரி. கார்க்கில் சில சமயம் டிசிஏ என்ற பொருள் உருவாகிவிடும். ஒரு கிராமை 100 கோடித் துண்டாக்கி, அதில் ஐந்தாறு துண்டு ஒரு லிட்டரில் கிடந்தால் போதும், ஒயின் செத்துவிடும். சாக்கு வாசம், ஈர அட்டை வாசம் என்றுதான் நிபுணர்களும் அதைச் சொல்கிறார்கள்.

நண்பர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாட்டில் அப்படியே கவிழ்ந்தது. ஆச்சியின் படிக்கம் அதன் ஆயுளில் அவ்வளவு விலைக்குக் குடித்ததில்லை.