பொட்டலுக்கு அடியில் கறுப்புக் கல்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் துருப்பிடிக்காமல் இருப்பது குரோமியத்தின் தயவால். நூறு கிராம் எவர்சில்வரில் பத்து கிராமுக்குக் குறையாமல் அது இருக்கும். ஆனால் நான் சொல்லவந்த சுரங்கம் எவர்சில்வர் என்ற சொல்லே பிறக்காத காலத்தது. அன்றைக்குக் குரோமியம் வேண்டியிருந்தது மஞ்சள் பெயின்டுக்கு.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், பால்டிமோர் நகருக்கு வடமேற்கே சோல்ஜர்ஸ் டிலைட் என்று ஒரு பொட்டல். அங்கே சோட் சுரங்கம் என்று சின்னதாக ஒன்று. சுற்றிலும் நல்ல விவசாய பூமி. இந்த இடத்தில் மட்டும் புல்லும் குட்டையான கருவாலி மரங்களும்தான். காரணம் அடியில் கிடக்கும் சர்பென்டைன் பாறை. பச்சையாக, தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஆதியில் கடலடித் தரைக்கும் கீழே இருந்த பாறை அது. கண்டங்கள் நெருக்கியபோது மேலே ஏறி, தண்ணீர் புகுந்து உருமாறியது. அதிலிருந்து உண்டாகும் மண்ணில் மக்னீசியம் மிதமிஞ்சி இருக்கும், சுண்ணாம்புச் சத்து குறைவு, போதாததற்கு நிக்கல். பயிர் எப்படி வரும்?

குரோமியத்தின் தாதுவான குரோமைட், இந்தப் பாறைக்குள்ளேதான் இருக்கிறது. பயிர் வராத இடம், அடியில் கனத்த கறுப்புக் கல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இதைப் பிடித்துக்கொண்டவர் ஐசக் டைசன், பால்டிமோர்க்காரர். பேர் ஹில்ஸ் என்ற இடத்தில் முதலில் குரோமைட் கிடைத்தது. பெயரே மொட்டைக் குன்றுகள்தான், பாருங்கள்! 1827-இல் அவர் பால்டிமோரின் பெல்ஏர் சந்தையில் ஒரு வண்டியைப் பார்க்கிறார். வண்டியில் ஆப்பிள் சாறு பீப்பாய். பீப்பாய் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்புக் கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் அரைச் செங்கல் வைப்பதில்லையா, அந்த மாதிரி. டைசன் பீப்பாயை விட்டுவிட்டுக் கல்லைப் பார்க்கிறார். இந்தக் கல்லை எங்கே பொறுக்கினீர்கள் என்று விசாரிக்கிறார். ஹார்ஃபோர்டு மாவட்டத்தில் ஜாரட்ஸ்வில் பக்கம் ரீட் என்பவரின் பண்ணை என்று தெரிகிறது. நிலத்துக்காரருக்கு அது ஏருக்கு இடைஞ்சலான கல். டைசனுக்கோ சரக்கு.

பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியுமா என்று கேட்பீர்கள். கையில் எடுத்தால் தெரியும். அதே அளவு சர்பென்டைன் ஒரு கிலோ என்றால் இது ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். அடுத்தது உரசல். தரை ஓட்டின் பின்பக்கம், பளபளப்பில்லாத பக்கத்தில் தேய்த்தால் பழுப்புக் கோடு விழும். கறுப்புக் கோடு விழுந்தால் அது மேக்னடைட், இரும்புத் தாது. ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் டைசன் பொட்டல் பொட்டலாகத் தேடினார். பயிர் வராத இடம், அடியில் கறுப்புக் கல்! வடகிழக்கே பென்சில்வேனியா எல்லையைத் தாண்டி வுட் சுரங்கம் கிடைத்தது. 700 அடிக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 1828 தொடங்கி இருபது ஆண்டு போல உலகத்தின் குரோமியத் தேவையில் பெரும்பகுதி இவருடைய குழிகளிலிருந்தே போனது.

சோட் சுரங்கம் அவ்வளவு பெரிதல்ல. நிலக்கரி பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். இங்கே குரோமைட் கேசரியில் முந்திரி போல, எங்கே இருக்கும், எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. தாதுவைப் பின்தொடர்ந்து சரிவாகத் தோண்டிக்கொண்டே போவார்கள். கூரை விழாமல் இருக்கத் தூண் தூணாகப் பாறையை விட்டுவைக்க வேண்டும். தாது கயிறாக மெலியும். சில சமயம் மறுபடி பருக்கும், பல சமயம் அப்படியே அற்றுப்போகும். அதற்கப்புறம் வெட்டுவதெல்லாம் வெறும் கூலிச் செலவு. வழுக்குப் பாறை வேறு, சீவிவிட்ட மாதிரிப் பலகை பலகையாகச் சரியும்.

ஓடை மணலிலும் எடுத்தார்கள். குரோமைட் எளிதில் சிதையாது. மலை கரைந்தாலும் மணலில் தங்கும். சலித்த மணலைச் சரிவான மரத்தொட்டியின் தலைமாட்டில் கொட்டித் தண்ணீர் விடுவார்கள். கீழே ஓடுவதை மண்வெட்டியால் மேலே தள்ளித் தள்ளி விடவேண்டும். லேசான மண் போய்விடும், கனத்தது மேலேயே நிற்கும். அரிசி களைவதுதான். தண்ணீர் கூடினால் பொடித் தாதும் சேர்ந்து போகும். குறைந்தால் மண் ஒட்டிக்கொள்ளும். மேக்னடைட்டும் கனமாதலால் தண்ணீருக்குப் பிரியாது, காந்தம் வேண்டும்.

தாதுவை மாவாக அரைத்து, பொட்டாஷும் சுண்ணாம்பும் கலந்து காற்றோட்டமான உலையில் வறுப்பார்கள். சுண்ணாம்பு எதற்கு? கலவை உருகாமல் இருக்க. கலவை உருகிப் பாகாகிவிட்டால் காற்று உள்ளே போகாது. குரோமியம் கரையும் உப்பாக மாறாது. வறுத்ததை வெந்நீரில் கரைத்தால் மஞ்சள் நீர். அதில் ஈய உப்பைச் சேர்த்தால் பெயின்டுக்கான குரோம் மஞ்சள் வண்டலாகப் படியும். 1845-இல் டைசன் இதற்குப் பால்டிமோரிலேயே ஆலை வைத்தார்.

நேரமாகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். துருக்கிக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1848-இல் லாரன்ஸ் ஸ்மித் என்ற அமெரிக்க வேதியியலாளர் அங்கே பெரிய படிவுகளைக் கண்டார். அந்தத் தாது கப்பலில் வந்து இறங்கியதும் மேரிலாந்துக் குழிகள் ஒவ்வொன்றாக நின்றன. சோட் சுரங்கத்தை முதல் உலகப் போரின்போது கொஞ்ச நாள் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். இப்போது அந்தப் பொட்டல் பாதுகாக்கப்பட்ட இடம். அந்த மாதிரி மண்ணில் பிழைக்கிற அரிய செடிகள் அங்கே இருக்கின்றன. பைன் மரங்கள் உள்ளே நுழைந்து அவற்றை மூடிவிடுகின்றன என்று, மரத்தை வெட்டியும் அளவாகத் தீ வைத்தும் அதைப் பொட்டலாகவே வைத்திருக்கிறார்கள். வணக்கம்.