தனி வீட்டிலிருந்து காண்டோவுக்கு: கொரிய மொழி பேசும் முகவர் எதில் உதவுவார், எதில் உதவ முடியாது?

(திரையில்: டொராண்டோவின் நார்த் யார்க் பகுதி. யங் தெருவில் கொரிய எழுத்துப் பெயர்ப்பலகைகள்.)

வணக்கம். நார்த் யார்க்கில் யங் தெரு நெடுகிலும் கொரிய உணவகங்களும் மளிகைக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. அதன் இருமருங்கிலும் உள்ள தெருக்களில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய கொரியத் தம்பதியர் பலர், பனி அள்ளவும் மாடிப்படி ஏறவும் உடல் ஒத்துழைக்காத வயதில், தனி வீட்டை விற்றுவிட்டு, காண்டோவில், அதாவது சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீட்டில், குடியேற எண்ணுகிறார்கள். அப்போது அவர்கள் முதலில் தேடுவது தங்கள் மொழி பேசும் வீட்டு முகவரைத்தான்.

இங்கேயே படித்து வளர்ந்த மகளோ மகனோ ஆங்கிலத்தை மொழிபெயர்த்துச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சொல்லுக்கு உள்ள பொருளும், பெற்றோர் சியோலில் அறிந்திருந்த பொருளும் வெவ்வேறாக இருக்கின்றன. இரண்டு ஊர் வழக்கத்தையும் அறிந்தவருக்கே அந்த வேறுபாடு கண்ணில் படும்.

பரப்பளவையே எடுத்துக்கொள்வோம். 2007 முதல் கொரிய அரசு சதுர மீட்டரையே வலியுறுத்தி வந்தாலும், வீட்டின் அளவை மூத்தவர்கள் இன்றும் 'பியோங்' கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு பியோங் ஏறத்தாழ 35.6 சதுர அடி. "சியோலில் 34 பியோங் வீட்டில் இருந்தோம்" என்று ஒரு தாய் சொன்னால், மகள் பெருக்கிப் பார்த்து 1,200 சதுர அடி காண்டோவைத் தேடத் தொடங்குவாள். ஆனால் அந்த 34 பியோங்கில் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டு, நடைவழி ஆகியவற்றின் பங்கும் அடங்கும். கதவுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் 84 சதுர மீட்டர், அதாவது சுமார் 900 சதுர அடிதான். போதாக்குறைக்கு, பால்கனியை அடைத்து அறையோடு சேர்த்துக்கொள்வது கொரியாவில் பரவலான வழக்கம், அந்த இடம் 84 சதுர மீட்டரில் சேராது. டொராண்டோ காண்டோவிலோ பால்கனி பெரும்பாலும் பொதுச் சொத்து; நிர்வாகத்தின் அனுமதியின்றி அதை அடைக்க முடியாது, சோயா விழுது ஊறும் மண்ஜாடிகளை அங்கே வைக்கலாமா என்பதைக்கூடக் கட்டடத்தின் விதிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நல்ல முகவர் வீடு பார்க்கப் போகும்போதே அளவு நாடாவை எடுத்துச் சென்று, கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கென்று தனியாக வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டி எந்தச் சுவரோரம் நிற்கும் என்று அளந்து பார்ப்பார். சமையலறையில் அதற்கு இடமில்லை என்றால் அந்த அம்மாவுக்கு அது வீடாக இராது.

மாதக் கட்டணத்திலும் இதே குழப்பம் உண்டு. கொரிய அடுக்குமாடியில் பராமரிப்பு, மின்சாரம், தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதப் பட்டியலில் வந்துவிடும். இங்கே பழைய கட்டடங்கள் சிலவற்றில் அப்படி இருக்கலாம், புதியவற்றில் மின்சாரத்துக்குப் பெரும்பாலும் தனி மீட்டர். கட்டணம் குறைவாகத் தெரியும் வீடே மலிவானது என்று எண்ணிவிடக் கூடாது.

(திரையில்: தடித்த ஆவணக் கட்டு ஒன்று.)

காண்டோ வாங்குவதில் எல்லாவற்றையும்விட முக்கியமான தாள் ஸ்டேட்டஸ் சர்டிபிகேட். கேட்ட 10 நாட்களுக்குள் காண்டோ நிர்வாகம் இதைத் தந்தாக வேண்டும், வரி உட்பட 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டடத்தின் பழுதுநிதியில் எவ்வளவு இருக்கிறது, வழக்குகள் நடக்கின்றனவா, உரிமையாளர்களிடமிருந்து சிறப்பு வசூல் ஏதும் வரவிருக்கிறதா என்பவை இதில் தெரியும். கூரையும் லிஃப்டும் பழுதாகும் காலத்துக்கான பணமே பழுதுநிதி. அதற்கு எவ்வளவு வேண்டும் என்ற ஆய்வை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது சட்டம். நீண்டகாலப் பழுதுக்கென மாதந்தோறும் ஒதுக்கும் முறை கொரியாவிலும் இருப்பதால், முகவர் அதன் கொரியப் பெயரைச் சொன்னதும் பெரியவர்களுக்கு விளங்கிவிடும். எனினும் விளக்குவதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும். அந்த ஆவணக் கட்டைப் படித்து, வாங்கலாமா என்று சட்டக் கருத்துச் சொல்வது வழக்கறிஞரின் வேலை. அதற்காகவே, வழக்கறிஞர் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டுமே வாங்குவோம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுமான நிறுவனத்திடம் புதிய காண்டோ வாங்குவோருக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. பிறரிடமிருந்து வாங்கும் காண்டோவுக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி, முகவர் யாருடைய ஆள் என்ற கேள்வி. கொரியாவில் ஒரே தரகர் இரு தரப்புக்கும் நடுவில் அமர்ந்து, இருவரிடமும் கட்டணம் பெறுவது சாதாரணம். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள், விற்பவரின் முகவரே கொரிய மொழியும் பேசினால் நிம்மதி அடைந்து, தங்கள் நிலைமை முழுவதையும் அவரிடம் திறந்து சொல்லிவிடுவார்கள். ஒன்டாரியோவில் ஒரு முகவர் இருவருக்கும் பிரதிநிதியாக இருக்க இரு தரப்பின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல், சேவையைத் தொடங்கும் முன்பே முகவர் ஒழுங்குமுறை அமைப்பின் தகவல் கையேட்டைக் கொடுத்து விளக்கியாக வேண்டும். "நீங்கள் எங்கள் பிரதிநிதியா, அவர்களுடையவரா?" என்று முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஸ்கார்பரோவில் தமிழ் பேசும் முகவரை நாடும் நம் பெற்றோருக்கும் இதே சட்டம்தான். நம் மொழி பேசுகிறார் என்பதாலேயே ஒருவர் நம் தரப்பில் நிற்பவர் ஆகிவிடுவதில்லை.

செலவுக் கணக்கில் பலர் மறப்பது, வாங்குபவர் செலுத்த வேண்டிய நில மாற்று வரியை. 7 லட்சம் டாலர் காண்டோவுக்கு மாகாண வரி 10,475 டாலர்; டொராண்டோ நகரமும் அதே அளவு தனியாக வசூலிப்பதால் மொத்தம் 20,950 டாலர் ஆகிறது. நகரின் வட எல்லையான ஸ்டீல்ஸ் சாலையைத் தாண்டி வடக்கே போய்விட்டால் நகர வரி இல்லை. கொரியக் கடைகள் அங்கும் உண்டு. விற்கும் வீடு வாங்கிய நாள் முதல் முதன்மைக் குடியிருப்பாகவே இருந்திருந்தால் லாபத்துக்கு வரி இல்லை. ஆனாலும் விற்பனையை அவ்வாண்டின் வருமான வரிப் படிவத்தில் கட்டாயம் காட்ட வேண்டும்.

(திரையில்: கட்டடத்தின் சரக்கு லிஃப்ட்.)

குடிபெயரும் நாளுக்கு நிர்வாகத்திடம் சரக்கு லிஃப்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பல கட்டடங்களில் சில மணி நேரம்தான் தருவார்கள், வைப்புத்தொகையும் கேட்பார்கள். கிடைக்கும் அந்த நேரத்தில் கிம்ச்சிப் பெட்டியை முதலில் ஏற்றிவிடுங்கள்.