ஆறாத புண்ணும் குளிர் பிளாஸ்மாவும்

வணக்கம். கேரள மலைப்பகுதியான வண்டிப்பெரியாற்றில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துத் திண்ணையிலிருந்து பேசுகிறேன். மழை பெய்வதால் தகரத்தின் சத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு ரப்பர் பூட்ஸ் உரசிக் குதிகாலில் வந்த புண், சர்க்கரை நோயினால் நான்கு மாதங்களாக ஆறவில்லை. தினமும் காலையில் ஒட்டிக்கொண்ட கட்டுத் துணியை சலைன் விட்டு நனைத்து நனைத்துத்தான் எடுக்கிறேன். அடியில் வழவழப்பான மஞ்சள் படலமும், சுற்றிலும் தடித்து வெளுத்த தோலும் தெரிகின்றன. அந்தத் தோல் உள்நோக்கி வளரவில்லை என்பதே என் கவலை. இதற்காகத் தேடிப் படித்தபோதுதான் குளிர் பிளாஸ்மா சிகிச்சையைப் பற்றி அறிந்தேன்.

இரத்தத்தில் உள்ள பிளாஸ்மா வேறு, இது வேறு. வாயுவில் மின்சாரம் பாய்ந்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் நிலைக்கு, 1928-இல் இர்விங் லாங்மியூர் என்ற விஞ்ஞானி வைத்த பெயர் இது. மின்னலும் பிளாஸ்மாதான், ஆனால் அது எரித்துவிடும். குளிர் பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்கள் மட்டுமே பெரும் ஆற்றலுடன் ஓடுகின்றன, கனமான அணுக்கள் சூடேறுவதில்லை. ஆகவே தோலில் படும் இடத்தில் வெப்பம் சுமார் 40 டிகிரியைத் தாண்டாது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உருவான கின்பென் மெட் என்ற கருவி பேனாவைப் போன்றது. ஆர்கான் வாயு அதன் நுனியில் மெல்லிய ஊதாச் சுடராக வெளிவருகிறது. ஐரோப்பாவில் 2013-இல் அதற்கு மருத்துவக் கருவிக்கான சான்று கிடைத்தது. அழகு நிலையங்களில் பிளாஸ்மா பேனா என்று சொல்லித் தோலைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்களே, அதனோடு தயவுசெய்து இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சுடர் காற்றோடு கலக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு, ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உண்டாகின்றன. இவை கிருமிகளைக் கொல்லும் என்பதுதான் பலரும் சொல்வது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: இதே பொருள்கள் சிறிய அளவில் சேரும்போது, அழற்சி நிலையிலேயே தேங்கிப்போன புண்ணில் உள்ள தோல் செல்களை அவை தூண்டி, புதிய இரத்தக் குழாய்கள் வளரவும் உதவுகின்றன, அளவு மிஞ்சினால் அந்தச் செல்களையே அழித்துவிடும். ஜெர்மனியில் சர்க்கரை நோயாளிகள் 43 பேரின் 62 கால் புண்களை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும் பெற்றவர்களின் புண்கள், பிளாஸ்மா இல்லாமல் அதைப் போலவே செய்து காட்டிய பொய்ச் சிகிச்சை பெற்றவர்களின் புண்களைவிட வேகமாகச் சுருங்கின. ஆனால் கிருமித் தொற்று குறைந்ததில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, இதை வெறும் கிருமிநாசினி என்று சொல்வது போதாது.

அந்த ஆய்விலும் இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சை நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல், புண்ணில் பாரம் விழாமல் காலைத் தாங்கி வைக்காமல், இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தச் சுடரைக் காட்டியும் பயனில்லை. அம்மாவைக் கொழுந்துக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறேன்.

வாரம் ஒரு முறை, புண்ணில் படாமல் கண்ணாடித் தாளை மேலே பிடித்து, புண்ணின் ஓரத்தை அதில் பேனாவால் வரைகிறேன். இதோ, இது சென்ற வாரத்துக் கோடு. இது இன்றைய கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கின்றன. திங்கட்கிழமை மலையிறங்கிக் கோட்டயம் போகிறோம். இந்தத் தாள்களை மருத்துவரிடம் காட்டி, அம்மாவின் புண்ணுக்கு இந்தச் சிகிச்சை பொருந்துமா என்று நேரடியாகக் கேட்கப்போகிறேன்.